ஒரே ஸ்பிரிங், மூன்று எண்

"ஏனுங்க, போன தடவை குடுத்த ஸ்பிரிங்கு லூசா இருக்குதுங்க. இந்தத் தடவை டெம்பர் கொஞ்சம் ஏத்திக் குடுத்துருங்க."

கோவையில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும், அடிக்கடி காதில் விழுவது இந்தப் பேச்சுதான் என்பார்கள். சொல்கிறவர் மில் ஃபிட்டராக இருப்பார், பம்பு கம்பெனியின் பர்ச்சேஸ்காரராக இருப்பார், சில நேரம் டிகிரி முடித்த இன்ஜினியராகவும் இருப்பார். டெம்பர் ஏறினால் ஸ்பிரிங் டைட்டாகும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அந்த டைட்டுக்கும் டெம்பருக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால், வேலையைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறோம் என்று நினைப்பார்கள். அதனால் எங்கள் பட்டறையில் வாயால் விளக்குவதை விட்டுவிட்டு, ஆணியில் மாட்டி வைத்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இரண்டும் 14 கேஜ் கம்பி, அதாவது 2.03 மி.மீ. இரண்டுக்கும் சராசரி விட்டம் 25 மி.மீ., 10 சுற்று, இரு முனையிலும் கொக்கி. ஒன்று பியானோ வயர். மற்றது அனீல் செய்த சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பி; கையாலேயே வளைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பியானோ வயர் ஸ்பிரிங் 9 மி.மீ. நீளும். எம்.எஸ். ஸ்பிரிங்கும் அதே 9 மி.மீ. வந்தவர் ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார். அடுத்து ஐந்து கிலோ. பியானோ வயர் 45 மி.மீ. இறங்கி, கல்லை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். எம்.எஸ். ஸ்பிரிங் இழுபட்டு இறங்கிக்கொண்டே போகும். கல்லை எடுத்தாலும் திரும்பாது. இறங்கியது இறங்கியதுதான்.

இந்தத் தொழிலில் முதலில் புரிய வேண்டியது இதுதான். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அசையும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு பாரம் வரை கெடாமல் திரும்பும் என்பது வேறு கேள்வி. கார்பனும், கம்பி இழுக்கும் முறையும், டெம்பரிங்கும் இரண்டாவது கேள்விக்குத்தான் விடை தருகின்றன. முதல் கேள்வியில் மென்மையான எம்.எஸ்.ஸும் உயர்தர ஸ்பிரிங் ஸ்டீலும் ஏறத்தாழ ஒன்றே. ஸ்டீலின் யங் குணகம் ஒரு சதுர மி.மீ.க்கு 2,00,000 முதல் 2,10,000 நியூட்டன் வரை. விறைப்புக் குணகம் 80,000 நியூட்டனை ஒட்டி. எந்த உலையில் வைத்து எடுத்தாலும் அது பெரிதாக மாறாது. மாற்ற வேண்டுமானால் உலோகத்தையே மாற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போனால் 70,000 அளவுக்கு இறங்கும். பாஸ்பர் பிரான்ஸுக்குப் போனால் ஏறக்குறைய பாதியாகும்.

குணகம் உலோகத்தின் சொத்து. ரேட், அதாவது எவ்வளவு அசைவுக்கு எவ்வளவு பாரம் என்பது, ஸ்பிரிங்கின் சொத்து. ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்பது குணகத்தின் அலகு, ஒரு மி.மீ. அசைவுக்கு இத்தனை நியூட்டன் என்பது ரேட்டின் அலகு. எங்கள் தொழிலில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

உலோகம் மாறாமல் ரேட்டை ஏற்ற வேண்டுமென்றால் கையிலிருப்பவை மூன்று: கம்பியின் விட்டம், சுருளின் சராசரி விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த ஃபோர்மேன் சூத்திரம் எழுதிப் பார்த்ததில்லை. "கண்ணு, கம்பி ஒரு நம்பர் ஏறுனா ரேட்டு ஒண்ணரை மடங்கு" என்பார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த எனக்கு அது வாய்க்கணக்காகத்தான் பட்டது. பிறகு கேஜ் அட்டவணையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 12 கேஜ் 2.64 மி.மீ., 11 கேஜ் 2.95, 10 கேஜ் 3.25, 9 கேஜ் 3.66, 8 கேஜ் 4.06. அடுத்தடுத்த அளவுகளின் விகிதத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் ஒன்றரையிலிருந்து 1.6 வரை வருகிறது. எங்கள் பட்டறையில் அதிகம் புழங்கும் கம்பி இந்த எல்லைக்குள்தான். அட்டவணையைத் திறக்காமலே அந்த மனிதர் நான்காம் அடுக்கைக் கைக்குள் வைத்திருந்தார்.

அமுக்கு ஸ்பிரிங்கின் சூத்திரத்தை வாய்வழியாகச் சொன்னால் இப்படி: விறைப்புக் குணகத்தைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கு, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுற்றுகளின் எண்ணிக்கை, எட்டு, இந்த மூன்றின் பெருக்கலால் வகு. பாலிடெக்னிக்கில் மனப்பாடம் செய்ததை இப்போதும் மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் திருப்தி இல்லை. பயிற்சிக்கு வரும் பையன்களிடம் ஒரு ஸ்பிரிங்கைக் கொடுத்து, இந்த விட்டம் ஏன் மூன்று முறை வருகிறது என்று கேட்பேன்.

ஸ்பிரிங்கை மேலிருந்து அமுக்கும்போது கம்பி வளைவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது முறுக்கப்படுகிறது. பாரம் சுருளின் நடு அச்சில் இறங்குகிறது. கம்பி அங்கிருந்து அரை விட்டம் தள்ளி இருக்கிறது. ஆகவே கம்பியை முறுக்கும் திருப்புவிசை என்பது பாரம் பெருக்கல் அரை விட்டம். இது முதல் முறை. முறுக்கப்படும் கம்பியின் நீளம் சுற்றுக்குச் சுற்று விட்டத்தோடு சேர்ந்து வளர்கிறது; நீளக் கம்பி அதிகம் முறுகும். இது இரண்டாம் முறை. முறுகிய கோணம் கீழ்நோக்கிய அசைவாக மாறுவதும் அதே அரை விட்டக் கையின் வழியாகத்தான். இது மூன்றாம் முறை. கம்பியின் பக்கத்தில், உருண்டைக் கம்பி முறுக்கை எதிர்க்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அதோடு வரும் 32-ஐ இரண்டு அரை விட்டங்கள் நான்கால் வகுக்க மிஞ்சுவதுதான் அந்த எட்டு. கம்பி நீளத்தில் ஒரு பை, முறுக்கெதிர்ப்பில் ஒரு பை. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. இதைத் தானே ஒருமுறை எழுதிப் பார்த்த பையன் அப்புறம் சூத்திரத்தை மறப்பதில்லை.

நான்காம் அடுக்கு என்பது கம்பி வாங்கும் இடத்திலும் பேசும். 4 மி.மீ. கம்பி 0.03 மி.மீ. தடித்து வந்தால் ரேட் 3 சதவீதம் ஏறிவிடும். ஐந்து சதவீத டாலரன்ஸ் கேட்கும் வேலையில் பாதிக்கு மேல் கம்பியே தின்றுவிடுகிறது. ஆகவே கம்பிச் சுருள் வந்ததும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் மிஷினில் ஏற்ற விடமாட்டேன். கார் உயரம் குறையட்டும் என்று கிரைண்டரால் இரண்டு சுற்றை வெட்டிவிடும் பையன்களுக்கும் இதே கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டுச் சுற்றில் இரண்டு போனால் மிச்சமிருப்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்புள்ள வேறொரு ஸ்பிரிங்.

இப்போது எண்ணுக்கும் அலகுக்கும் வருகிறேன். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் நூற்பாலைகள் பெருகின. அந்தக் காலத்து மில்களில் ஓடியவை பெரும்பாலும் லங்காஷயர் இயந்திரங்கள். அவற்றின் வரைபடங்களில் எல்லாம் அங்குலமும் பவுண்டும். இந்தியாவில் 1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்து, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நுழைந்தது. வரைபடங்கள் மி.மீ.க்கு மாறின, பாரம் கிலோவாகவே நின்றது. ஏற்றுமதி வேலை வந்தபோது நியூட்டன் வந்து சேர்ந்தது. ஒரே பட்டறையின் மேஜையில் இந்த மூன்று காலமும் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 4 மி.மீ. கம்பி, 32 மி.மீ. சராசரி விட்டம், வேலை செய்யும் சுற்று எட்டு. கணக்குப் போட்டால் ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 9.8 நியூட்டன். இதையே கிலோவில் சொன்னால் மி.மீ.க்கு 1. பவுண்டில் சொன்னால் அங்குலத்துக்கு 56. மூன்றும் ஒரே ஸ்பிரிங்.

ஒரு மில்லிலிருந்து ஒருமுறை புதிதாகத் தட்டச்சு செய்த வரைபடம் வந்தது. பழைய ஆங்கிலத் தாளிலிருந்து அளவுகளை மி.மீ.க்கு மாற்றியிருந்தார்கள். ரேட் என்ற கட்டத்தில் மட்டும் 56 என்று வெறும் எண். அலகு உதிர்ந்து போயிருந்தது. மற்ற அளவெல்லாம் மெட்ரிக்கில் இருக்கும்போது எவரும் அதை மி.மீ.க்கு 56 நியூட்டன் என்றுதான் படிப்பார்கள். சென்டிமீட்டருக்கு 56 கிலோ என்று படித்தாலும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். வேண்டியதைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங்! அதே தாளில் கம்பி 4 மி.மீ. என்றும் போட்டிருந்ததால் விஷயம் வெளியே வந்தது. அந்தச் சுருளில் 56 நியூட்டன் வேண்டுமானால் கம்பி 6 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். போன் போட்டோம். "ஆமாங்க, அது பழசுல எல்.பி.னு ஏதோ இருந்துச்சுங்க, வேண்டாம்னு எடுத்துட்டோமுங்க" என்றார் அங்கிருந்தவர்.

அலகு அலங்காரம் இல்லை. 56 என்பது ஸ்பிரிங்கின் குணம் இல்லை. அங்குலத்துக்குப் பவுண்டு என்பதோடு சேர்ந்தால்தான் குணமாகிறது. அலகு மாறினாலும் மாறாமல் நிற்பதுதான் பரிமாணம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நிறை, நீளம், காலம் என்று அடுக்குப் போட்டுப் பழகியது எல்லாருக்கும் நினைவிருக்கும். தேர்வோடு அதை விட்டுவிடுகிறோம். பட்டறையில் எனக்கு அது தினமும் உதவுகிறது.

ரேட்டின் பரிமாணத்தை எழுதிப் பாருங்கள். விசை என்பது நிறையும் நீளமும் மேலே, காலத்தின் இருமடி கீழே. அதை நீளத்தால் வகுக்கிறோம். நீளம் அடிபடுகிறது. மிச்சம், நிறை வகுத்தல் காலத்தின் இருமடி. ஸ்பிரிங்கின் விறைப்பில் நீளமே இல்லை! முதலில் இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. எவ்வளவு நீள்கிறது என்று அளந்தே பழகிய ஒன்றை, நீளத்தையே அளக்காமல் ஒரு எடைக்கல்லும் கடிகாரமும் கொண்டு அளந்துவிடலாம் என்று அந்தப் பரிமாணம் சொல்கிறது.

சொல்கிறபடியே நடக்கவும் செய்கிறது. ஆணியில் தொங்கும் அதே பியானோ வயர் ஸ்பிரிங்கில் ஐந்து கிலோவைக் கட்டி, லேசாக இழுத்து விட்டு, மேலும் கீழும் ஆடும் ஆட்டங்களை எண்ணினால் 50 ஆட்டத்துக்கு 21 விநாடிக்குச் சற்று மேலே ஆகும். நிறையை ஓர் ஆட்டக் காலத்தின் இருமடியால் வகுத்து, பையின் இருமடியையும் நான்கையும் கொண்டு பெருக்கினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1,090 நியூட்டன், அதாவது மி.மீ.க்கு 1.09. ஒரு கிலோவுக்கு 9 மி.மீ. நீண்டதே, அதே விடை. வெளியூர் மில்லில் லோட் டெஸ்டர் இல்லாத இடத்தில் தராசுக் கல்லையும் செல்போன் கடிகாரத்தையும் வைத்து ஸ்பிரிங்குகளைத் தரம் பிரித்திருக்கிறோம்.

பரிமாணம் இன்னொரு விதத்திலும் காவல் காக்கிறது. சூத்திரத்தில் கம்பி விட்டத்துக்கு நான்குக்குப் பதில் மூன்று போட்டுவிட்டால், விடை சதுர மி.மீ.க்கு நியூட்டன் என்று வந்து நிற்கும். ரேட் கேட்ட இடத்தில் குணகத்தின் அலகு வந்தால், கணக்கைத் தொடர வேண்டியதில்லை. எக்செல்லில் எண்ணை மட்டும் தட்டுகிறவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது.

ஆனால் அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. அதைத் தெரிந்துகொள்வதும் தொழில்தான். மேலே நான்காம் அடுக்கும் கீழே மூன்றாம் அடுக்கும் இருக்க வேண்டிய இடத்தில், மேலே மூன்றும் கீழே இரண்டும் போட்டாலும் பரிமாணம் சரியாகத்தான் வரும். எட்டு சரியா என்று அதற்குத் தெரியாது. சில பழைய புத்தகங்களில் சூத்திரம் ஆரத்தில் எழுதப்பட்டிருக்கும். அங்கே எட்டுக்குப் பதில் 64. அந்த 64-ஐ எடுத்துக்கொண்டு விட்டத்தைப் போட்டால் ரேட் எட்டில் ஒரு பங்காகிவிடும். பரிமாணம் வாயே திறக்காது. சராசரி விட்டம் கேட்கும் இடத்தில் வெளிவிட்டத்தைப் போட்டாலும் அப்படித்தான்.

துணி கிளிப்பில் இருப்பதுபோன்ற டார்ஷன் ஸ்பிரிங்கில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அதில் கம்பி முறுகுவதில்லை, வளைகிறது. ஆகவே யங் குணகம். அதன் ரேட் என்பது ஒரு கோணத்துக்கு இத்தனை நியூட்டன் மி.மீ. கோணமோ பரிமாணம் இல்லாதது. ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 டிகிரி, ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. மூன்றில் எதற்கு என்று எழுதாவிட்டால், பரிமாணம் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. போதாக்குறைக்கு நியூட்டன் மி.மீ. என்பது திருப்புவிசைக்கும் ஆற்றலுக்கும் பொது. தண்ணீரின் பரப்பு இழுவிசைக்கும் ஸ்பிரிங் ரேட்டுக்கும்கூடப் பரிமாணம் ஒன்றுதான். பரிமாணம் வேறானால் பொருள் வேறு என்று அடித்துச் சொல்லலாம். பரிமாணம் ஒன்றானால் பொருளும் ஒன்று என்று சொல்ல முடியாது.

இந்தத் தெளிவு மனிதர்களுக்கு எளிதில் கிடைத்ததில்லை. ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துப் புதிராக ஒளித்து வைத்து, 1678-இல் விடுவித்துச் சொன்னது விகிதத்தை மட்டுமே: நீட்சி எப்படியோ விசை அப்படி. அதில் பொருளையும் உருவையும் பிரிக்கும் அளவு எதுவும் இல்லை. தாமஸ் யங் 1807-இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் குணகத்தை ஒரு தூணாகச் சொன்னார்; அந்தப் பொருளாலேயே ஆன தூண், தன் அடியில் குறிப்பிட்ட அழுத்தத்தை உண்டாக்கும் அளவுக்கு உயரமானது. அவருடைய குணகத்தை உயரமாகச் சொன்னால் நீளம், எடையாகச் சொன்னால் விசை. நாம் இன்று அவர் பெயரில் எழுதும் குணகம் இரண்டும் இல்லை. அது அழுத்தத்தின் பரிமாணம் கொண்டது. பரிமாணம் என்ற கருத்தையே ஃபூரியே 1822-இல் வெப்பத்தைப் பற்றிய தம் நூலில்தான் முறையாக வைத்தார். நிறை, நீளம், காலம் என்று எழுதும் வழக்கம் மேக்ஸ்வெல்லால் நிலைபெற்றது.

யங்கின் தூண் வழக்கொழிந்ததில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஸ்டீலுக்கு அந்தத் தூணைக் கணக்கிட்டால் 2,600 கி.மீ. உயரம் வருகிறது. அலுமினியத்துக்கும் கிட்டத்தட்ட அதே 2,600. ஸ்டீல் கம்பிக்குப் பதில் அதே எடையுள்ள அலுமினியக் கம்பியை இழுவைக்குப் போட்டால் நீட்சியில் லாபம் எதுவும் இல்லை என்பதை அந்த ஒரு நீளம் சொல்லிவிடுகிறது. வளைவுக்கு வந்தால் கதை வேறு; அதே எடையில் அலுமினியம் தடிமனாகிவிடுவதால் அங்கே அது ஜெயிக்கும்.

வரைபடம் அனுப்பும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். விட்டம் என்றால் உள்ளா, வெளியா, சராசரியா என்று எழுதுங்கள். சுற்று என்றால் மொத்தமா, வேலை செய்வதா என்று எழுதுங்கள். ரேட்டை ஒற்றை எண்ணாகத் தருவதைவிட, இந்த உயரத்தில் இத்தனை நியூட்டன், அந்த உயரத்தில் இத்தனை நியூட்டன் என்று இரண்டு பாரங்களைத் தாருங்கள். ரேட்டை நாங்களே எடுத்துக்கொள்வோம், உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கவும் முடியும். டார்ஷன் ஸ்பிரிங் என்றால் டிகிரிக்கா, சுற்றுக்கா என்பதை மறக்காதீர்கள். அலகு இல்லாத தாள் வந்தால் உங்களுக்குப் போன் வரும். பதில் வரும்வரை கம்பியை மிஷினில் ஏற்ற மாட்டோம்.